மறைக்கும் உடையும் காக்கும் உடையும்

பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், "இறகு உள்ள மயிலுக்குப் போர்வை எதற்கு ஐயா?" என்று மாணவர் எவரேனும் ஒருவர் கேட்பதுண்டு. கொடைமடம் என்று ஒரு சொல்லில் விடை பகர்ந்துவிட்டு யாமும் அடுத்த பாடலுக்குப் போய்விடுவதுண்டு. எவருக்கு எது போர்வை, எவருக்கு எது போதாது என்னும் அவ்வினா எம் வீட்டு வாசலிலேயே ஒருநாள் வந்து நிற்குமென்று யாம் நினைத்ததில்லை. வந்து நின்றபோது எம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிய கதையையே இம்மலரில் எழுதத் துணிந்தோம்.

எம் குடும்பத்துக்கு மோகனூர் செல்லும் சாலையருகே சிறு தோட்டம் ஒன்று உண்டு. அதில் எம் அத்தா காலத்துக் கிணறு. அந்தக் கிணற்றில்தான் அத்தா எம் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளிவிட்டு நீச்சல் கற்பித்தார். அதே கிணற்றில் எம் தமக்கை மகளுக்கு யாம் கற்பித்தோம். லாரிகளின் ஊராகிய நாமக்கல்லில் பழைய டியூபுக்குப் பஞ்சமா? காற்றடைத்த டியூப் அவளுக்குச் சுரைக்குடுக்கை ஆயிற்று. விடியற்காலையில், சுடிதாரோடு இறங்குவாள். அவள் கரையேறும்வரை எம் அன்னையார் படிக்கட்டில் அமர்ந்து காவலிருப்பார். பத்து வயதுக்குள் டியூபை உதறிவிட்டு, கிணற்று மேட்டிலிருந்து குதிக்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். அதில் எமக்குப் பெருமை மிகுதி. அந்தப் பெருமையே பிறகு எம் அறிவை மறைத்தது.

அவள் மேற்படிப்புக்காகக் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்துக்குச் சென்றாள். சென்ற முதல் ஆண்டு மே மாதத்தில், டொராண்டோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரிக்கு உடன் பயிலும் தோழியர் அழைத்தனர். வேக்போர்டிங் என்பது அங்கு இளைஞர் விரும்பி ஆடும் நீர்விளையாட்டு. இரு கால்களையும் ஒரே பலகையில் பிணைத்துக்கொண்டு, விசைப்படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பற்றியபடி, படகின் பின்னே எழும் அலைமேல் சறுக்கிச் செல்ல வேண்டும். படகு மணிக்கு ஏறத்தாழ 30 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கற்கும் காலத்தில் நிற்கும் நேரத்தைவிட விழும் நேரமே மிகுதி.

வீட்டில் அனுமதி கேட்டாள். மச்சான் கேட்டது ஒரே கேள்வி: "உடம்பு முழுக்க மூடியிருக்குமாம்மா?" மூடியிருக்கும் என்றாள். ஆஸ்திரேலியாவில் வாழும் அஹெதா சனெட்டி என்னும் லெபனான் நாட்டுப் பெண்மணி 2004 இல் வடிவமைத்த புர்கினி வகை நீச்சலுடை ஒன்று அவளிடம் இருந்தது. தலை முதல் கணுக்கால் வரை மறைக்கும் உடை அது. மச்சான் மனம் நிறைந்தார். அடுத்து எம்மை அழைத்தாள். "கிணற்றில் குதித்தவளுக்கு ஏரி ஒரு பெரிதா? நீச்சல் தெரிந்தவளுக்கு எந்தத் தண்ணீரும் ஒன்றுதான். உயிர்காப்பு அங்கியை மட்டும் மறவாதே" என்று துணிவூட்டி அனுப்பினோம்.

அன்று நல்ல வெயில். காற்று 22 டிகிரி. ஏரியின் நீரோ 8 டிகிரி. ஏப்ரல் மாதத்தில்தான் அந்த ஏரியின் பனிக்கட்டி உருகி முடியும் என்பதை யாம் அறிந்திருக்கவில்லை. முதல்முறை விழுந்தபோதே அவள் மூச்சு அடைத்துக்கொண்டது. வாய் திறந்து கத்த முடியவில்லை. அங்கி அவளை மிதக்க வைத்தது; ஆயினும் தன் வசமின்றி மேல்மூச்சு வாங்கியதில் நீரையும் குடித்துவிட்டாள். படகு வளைந்து திரும்பி அவளை அடையச் சில நிமிடங்களே ஆயின. அதற்குள் நீட்டிய கையைப் பற்றவும் விரல்கள் மடங்கவில்லை. தோழியர் இருவர் சேர்ந்து தூக்கிப் போர்வைகளால் சுற்றினர். அன்றிரவு பெற்றோரை அழையாமல் எம்மை அழைத்தாள். "மாமா, எனக்கு நீச்சலே மறந்துபோன மாதிரி இருந்தது" என்றாள். சற்று நேரம் கழித்து, "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்கென்று ஒரு நல்ல உடை வாங்க வேண்டும். ஈர உடையா, உலர் உடையா? நீங்கள் படித்துச் சொல்லுங்கள்" என்றாள்.

வெட்சூட், டிரைசூட் என்னும் பெயர்களையே யாம் அன்றுதான் கேட்டோம்.

பனி என்று தமிழில் ஒரு சொல் இருக்கிறது. மார்கழிப் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் அதுவே பெயர். வடபுலத்து ஏரியை மூடிக் கிடக்கும் கட்டிக்கும் அதுவே பெயர். முன்பனி, பின்பனி என்று இரு பருவங்கள் வகுத்த நம் முன்னோர் பெரிதும் கண்டது முதலாவது பனியையே. மார்கழியில் கொல்லிமலை ஆகாய கங்கையில் தலை கொடுத்துப் பற்கள் கிட்டிப்போனதுதான் யாம் அறிந்த கடுங்குளிர். சொல் ஒன்றாயிருந்தமையால் பொருளும் ஒன்றே என்று மயங்கினோம். தமிழ் கற்பிக்கும் எமக்கு இது நாணத்தக்க மயக்கமே.

கல்லூரியின் இயற்பியல் துறை நண்பரிடம் சென்று அமர்ந்தோம். அவர் பொறுமையாக விளக்கினார். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடல் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். 22 டிகிரிக் காற்றில் சட்டையோடு இனிதாக அமர்ந்திருக்கலாம். 22 டிகிரி நீரில் நெடுநேரம் இருந்தால் உடல் நடுங்கும். 8 டிகிரி நீரோ உயிர்க்குப் பகை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவருக்காக 1, 10, 1 என மூன்று எண்களை வகுத்திருக்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சை வசப்படுத்துவதற்கு. அடுத்த 10 நிமிடங்களே கை கால்கள் சொன்னபடி கேட்கும். உடல் குளிர்ந்து நினைவிழக்க ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். பலர் அந்த முதல் நிமிடத்திலேயே நீரை விழுங்கி மாண்டுபோகின்றனர். நீச்சல் அறிந்தவர், அறியாதவர் என்று குளிர் பாகுபாடு பார்ப்பதில்லை.

இதனைக் கேட்டபோது எம் நினைவில் எழுந்தவர் வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன். ஆழிக்குமரன் என்று தமிழுலகம் போற்றிய அப்பெருவீரர் 1971 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து, திரும்பியும் நீந்தியவர். 51 மணி நேரத்தில் நிகழ்த்திய அருஞ்செயல் அது. அவரே 1984 ஆகஸ்டு 6 ஆம் நாள் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர் துறந்தார். நம் கடல் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயோ கோடையின் உச்சத்திலும் 16 முதல் 18 டிகிரி அளவிலேயே நிற்பது. மரபு வழுவாத கால்வாய் நீச்சலில் குளிர் தாங்கும் உடைக்கு இடமுமில்லை. அவருக்கு நீச்சல் போதவில்லை என்று எவர் சொல்லத் துணிவர்? எந்தத் தண்ணீரும் ஒன்றுதான் என்று யாம் சொன்ன சொல் அப்போது எம்மையே சுட்டது.

இனி அந்த இரு உடைகளைப் பற்றிச் சில சொற்கள்.

ஈர உடை நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. வாலஸ் கரோதர்ஸ் என்பாரின் டூபாண்ட் ஆய்வுக்குழு 1930 இல் உருவாக்கிய பொருள் அது. அதனை நுரைத்து, ஆயிரமாயிரம் நுண்குமிழிகளில் வாயுவை அடைத்துத் தகடாக்குவர். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலர் ஹியூ பிராட்னர் இத்தகட்டைக் கொண்டு உடை அமைத்தார். உடலுக்கும் உடைக்கும் இடையே புகும் நீர் சூடேறி நம்மைக் காக்கிறது என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் காப்பது அக்குமிழிகளே. நனைந்தாலும் குமிழி காக்கும். புகுந்த நீர் மெல்லிய படலமாய் அசையாது நிற்றல் வேண்டும், அவ்வளவே. ஆதலால் இவ்வுடை தோலோடு தோலாய் ஒட்டியிருத்தல் இன்றியமையாதது. தளர்ந்திருந்தால், வேகத்தில் விழும் ஒவ்வொரு முறையும் கழுத்து வழியே குளிர்நீர் பாய்ந்து உள்ளிருந்த வெப்பத்தை அடித்துச் சென்றுவிடும். 3/2 என்று குறித்திருந்தால் மார்பில் 3 மில்லிமீட்டர், கை கால்களில் 2 மில்லிமீட்டர் தடிமன். நீர் குளிரக் குளிர 4/3, 5/4 என்று தடிமன் ஏறும். கையுறை, காலுறை, தலைமூடியும் உடன் சேரும். தடிமன் ஏறினால் உடல் வளைவது அரிதாகும்.

உலர் உடை வேறு இயல்பினது. நாமக்கல்லில் கோழிப்பண்ணையைக் காணாதவர் இல்லை. குளிர்ந்த காலைகளில் கோழி இறகைச் சிலிர்த்துப் பந்துபோல நிற்கும். இறகிடையே சிறைப்பட்ட காற்றே அதன் போர்வை. பேகனின் மயிலுக்கும் அதுவே. உலர் உடை அவ்வாறு காற்றைச் சிறைப்படுத்துவது. கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகப் பிடிக்கும் ரப்பர் வளையங்களால் ஒரு துளி நீரும் உட்புகாது. தளர்ச்சியாக இருக்கும். ஆனால் வெறும் மேலோடாகிய அதற்குத் தனக்கென வெப்பம் காக்கும் திறன் சிறிதே. உள்ளே கம்பளியோ அதுபோன்ற துணியோ உடுத்தல் வேண்டும். வியர்வையை உறிஞ்சி ஈரமாகிவிடும் பருத்தி அங்கு உதவாது. நீரில் இறங்குமுன் குந்தி அமர்ந்து, கழுத்து வளையத்தை விலக்கி மிகுதியான காற்றை வெளியேற்றுதல் வேண்டும். இன்றேல் காற்று கால்பக்கம் சென்று ஆளைத் தடுமாறச் செய்யும். வளையம் கிழிந்தாலோ, இழுவைப் பூட்டு முழுதும் மூடாதிருந்தாலோ உள்ளே நீர் நிறைந்துவிடும். விலையும் பன்மடங்கு. 10 டிகிரிக்குக் கீழான நீருக்கும், படகில் தன் முறைக்காகக் குளிர்காற்றில் காத்திருப்பவருக்கும் இதுவே ஏற்றது. எதை உடுத்தினும் அதன்மேல் உயிர்காப்பு அங்கி கட்டாயம்.

இவ்வளவும் கற்றபின் எமக்கு ஓர் உண்மை விளங்கிற்று. புர்கினி மறைக்கும் உடை. அதன் கடமையை அது செம்மையாகவே செய்தது. இராமேசுவரம் தீவில் கடற்பாசி எடுக்கச் செல்லும் மீனவப் பெண்கள் சேலைமேல் சட்டை அணிந்து, விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்குகின்றனர். மன்னார் வளைகுடாவின் இளஞ்சூட்டு நீரில் பாறையும் சிப்பியும் கீறாதிருக்க அது உதவும். சிம்கோ ஏரியின் மே மாதத்து நீருக்கு அது போதாது. மறைத்தல் ஒன்று, காத்தல் பிறிதொன்று. யாம் அனைவரும் முன்னதைக் கேட்டோம். பின்னதைக் கேட்க மறந்தோம்.

ஒருநாள் மஃரிபுத் தொழுகை முடிந்ததும் தமக்கை இல்லம் சென்று நடந்தவற்றை ஒளியாமல் சொன்னோம். தமக்கை அழுதார். எம் அன்னையார், "அந்தப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தாயே, குளிரைச் சொல்லிக் கொடுத்தாயா?" என்று மட்டும் கேட்டார். மச்சான் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மூடியிருக்குமா என்று கேட்டேனே தவிர, குளிருமா என்று கேட்கவில்லையே மாப்பிள்ளை" என்றார். எம்மீது சினம் கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அவரோ பழியைத் தம்மீது ஏற்றுக்கொண்டார்.

அன்றே மகளைத் தொலைபேசியில் அழைத்தார். யாம் படித்தறிந்ததை எல்லாம் அவளுக்குச் சொன்னோம். ஈர உடை உடலை ஒட்டியிருக்கும், உலர் உடை தளர்ச்சியாக இருக்கும் என்பதைக் கேட்டதும் மச்சான் உலர் உடையையே வாங்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவர் சொன்னது வேறு: "விலையைப் பார்த்து ஒதுக்காதே. தளர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்கவும் வேண்டாம். எது உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்குமோ அதை வாங்கு."

அவள் சற்று எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்படியானால் ஜூலை வரை பொறுத்திருக்கிறேன் அத்தா. அப்போது ஏரி 20 டிகிரிக்கு மேல் வந்துவிடும். 3/2 ஈர உடை போதும். அதன்மேல் தளர்ந்த மேற்சட்டையும் கால்சட்டையும் போட்டு, அங்கியைக் கட்டிக்கொள்வேன். மே மாதத்து ஏரிக்கு உலர் உடைதான். அதைச் சம்பாதித்து நானே வாங்குவேன்." ஆசிரியர் பலரிடம் பாடம் கேட்ட யாம், அன்று எம் மாணவியிடம் பாடம் கேட்டோம்.

அவள் சொன்னபடியே ஜூலையில் ஏரிக்குச் சென்றாள். இறங்குமுன் வெப்பமானியை நீரில் அமிழ்த்திப் பார்த்துவிட்டு, அந்த எண்ணை எமக்கு அனுப்பினாள். இன்றும் அவ்வாறே அனுப்புகிறாள். எண் வந்த பிறகே எம் அன்னையார் தஸ்பீஹை எடுத்துக்கொண்டு அமர்வார். அன்று கிணற்றுப் படியில் இருந்த அதே காவல்.

மாணவச் செல்வங்களே! கல்வியின் பொருட்டும் பணியின் பொருட்டும் நாளை நீங்கள் கடல்கடந்து செல்வீர்கள். அங்கே வெயிலைக் கண்டு நீரில் இறங்காதீர்கள்; நீரைத் தொட்டுப் பார்த்து உடை உடுத்துங்கள். உங்களை அனுப்பும் பெரியோர்க்கும் எம் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. பிள்ளைகளின் உடையைப் பற்றிக் கேட்பது நம் கடமை, கேளுங்கள். அவ்வுடை அவர்களைக் காக்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். யாம் கேட்கத் தவறியதால், ஒரு நிமிடத்தில் இழந்திருப்போம்.