கடைமடை ரேடியேட்டர்

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய வீடுகளைப் பாருங்கள். உயர்ந்த கூரை, தடித்த சுவர், மெட்ராஸ் தளம், சாய்வுப் பட்டை வைத்த மரச் சன்னல். எல்லாமே வெயிலை வாசலோடு நிறுத்துவதற்கான ஏற்பாடு. வைசியாள் வீதிப் பக்கம் தமிழர்கள் கட்டிய வீடுகளுக்கும் அதே கவலைதான். திண்ணை, தாழ்வாரம், முற்றம் என்று அதற்கு வேறு வழி கண்டார்கள். மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கிற ஊர் இது. வீட்டைச் சூடாக்குவது எப்படி என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

அதைப் படித்தே ஆகவேண்டிய புதுச்சேரிக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அப்படி எழுதிக் கொடுத்த குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸின் புறநகர்களில் இருக்கிறார்கள். பாகூரில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். நம்மூர் வழக்கில் சொன்னால், ஒரு சொல்தா. வடக்குப் புறநகரில் மாடி வைத்த சின்ன வீடு. குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்கியபோதுதான் ஷோஃபாஜ் என்கிற வீடு சூடாக்கும் விவகாரம் எனக்குப் பிடிபட்டது.

விஷயம் எளிமையானது. பாய்லர் தண்ணீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதைக் குழாய்க்குள் தள்ளுகிறது. அறைக்கு அறை சுவரோரம் நிற்கிற ரேடியேட்டருக்குள் புகுந்து, சூட்டை இறக்கி வைத்துவிட்டு, ஆறிப்போய்த் திரும்புகிறது. வருஷக் கணக்காக அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும்.

ரேடியேட்டர் ஜில்லென்று கிடந்தால், எங்கே ஜில்லென்று கிடக்கிறது என்று கையை வைத்துப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். கீழே சூடு, மேலே குளிர் என்றால் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறது. பாய்லரை நிறுத்தி, தண்ணீர் ஆறியபின், மேல் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகை அதற்கான சாவியால் கால் சுற்று திறக்க வேண்டும். கீழே ஒரு கிண்ணம், கையில் ஒரு துணி. உஸ்ஸென்று காற்று போய், பிறகு தண்ணீர் தெறித்ததும் மூடிவிடலாம். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போவது முறை. கடைசியில் பாய்லரின் அழுத்தமானியைப் பார்த்து, ஒரு பாருக்குக் கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் விட்டு, ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிறுத்த வேண்டும்.

மேலே சூடு, அடியில் நடுப்பகுதி குளிர் என்றால் சேறு. உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து, மை போன்ற கருப்புப் பொடியாக அடியில் படிந்துவிடுகிறது. ரேடியேட்டரைக் கழற்றித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஹோஸால் பீய்ச்சிக் கழுவ வேண்டும். ஒன்று மட்டும் முழுக்கச் செத்துக் கிடந்தால், கோடை முழுதும் மூடியிருந்த வால்வின் முள் சிக்கியிருக்கலாம். தெர்மோஸ்டாட் தலையைக் கழற்றி, முள்ளை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டால் இளகும். கோடையில் அந்தத் தலையை முழுக்கத் திறந்து வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

சித்தப்பா வீட்டில் இவை எதுவும் இல்லை. கூடத்தில் வியர்த்தது, மாடிக் கோடியில் சித்தி படுக்கும் அறையில் ரேடியேட்டர் வெதுவெதுப்போடு நின்றது. வந்து பார்த்த ப்ளம்பர் ஒருவர், பெரிய பம்ப் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தப்பா அதற்கு அவசரப்படவில்லை. பாய்லரிலிருந்து குழாய் போகும் வழியிலேயே தடவிக்கொண்டு நடந்தார். பாய்லருக்குப் பக்கத்திலிருந்த கூடத்து ரேடியேட்டரில் தண்ணீர் நுழையும் குழாயும் வெளியேறும் குழாயும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தன. சூட்டை இறக்கக்கூட நேரமில்லாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தலைமடைக்காரன் மொத்தத்தையும் பாய்ச்சிக்கிறான்டா. பம்ப்ப பெருசாக்கினா அவனுக்குத்தான் இன்னும் கூட வரும்" என்றார்.

பாகூர் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர் வேறெப்படிச் சொல்வார்! சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணை பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வந்து, மதகு தாண்டி வயலுக்குப் போகிறது. மதகுக்குப் பக்கத்து வயல் தன் மடையை அகலத் திறந்து வைத்தால், ஏரி நிரம்பி வழிந்தாலும் கடைமடை காயும். முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்காகவே ஊருக்கு ஊர் நீர்க்கட்டி இருந்தார்.

ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் மூடி போட்ட இன்னொரு வால்வு உண்டு. தினமும் திருகுவதற்கு அல்ல, பங்கு பிரிப்பதற்கு. சித்தப்பா கூடத்து வால்வை ஏறக்குறைய மூடி ஒரு சுற்று மட்டும் விட்டார். அடுத்ததற்குக் கொஞ்சம் கூடுதல், அதற்கடுத்ததற்கு இன்னும் கூடுதல், கோடி அறைக்கு முழுத் திறப்பு. ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் மாறும் என்பதால் இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. திருகிவிட்டுக் காத்திருந்து, தடவிப் பார்த்து, மறுபடி திருக வேண்டும். சித்தி அறை சூடேறியது. கூடமும் ஒன்றும் குளிர்ந்துபோகவில்லை. அதற்குத் தேவைக்கு மேல் வந்துகொண்டிருந்தது மட்டும் நின்றது. பாய்லர் அதே பாய்லர், பம்ப் அதே பம்ப்.

பிரான்சில் வீட்டுச் சூடு சராசரியாக 19 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே உண்டு. ஆனாலும் கோடி அறைக்காரர் குளிருகிறது என்றால் மொத்த வீட்டையும் 23-க்கு ஏற்றுவதுதான் சுலபமான வழி. கூடத்தில் சன்னலைத் திறந்து வைப்பார்கள், எரிவாயுப் பில் ஏறும், கோடி அறை அப்போதும் பின்தங்கியே நிற்கும். பற்றாக்குறை என்று புகார் வரும் இடங்களில் பெரும்பாலும் நாம் மதகின் அளவைத்தான் கேட்கிறோம். முதல் மடை எவ்வளவு திறந்திருக்கிறது என்று கேட்பது கொஞ்சம் சங்கடமான கேள்வி. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நாமேதான். சித்தப்பாவின் சாய்வு நாற்காலியும் அந்தக் கூடத்து ரேடியேட்டர் பக்கத்தில்தான் போட்டிருந்தது.