சண்டி

சண்டி என்று ஒரு சொல் இருக்கிறது. பாரவண்டியில் பூட்டினால் படுத்துக்கொள்ளும் மாட்டையும், நின்ற இடத்தைவிட்டு நகர மறுக்கும் குதிரையையும் அப்படிச் சொல்வார்கள். பிறகு அது மனுசருக்கும் வந்துவிட்டது. எங்க பாட்டி நடவு நட்ட காலத்தில், கூலியை ஏத்திக் கேட்டு வரப்பிலேயே உட்கார்ந்துகொண்ட பொம்பளைகளைப் பார்த்து நிலத்துக்காரர் சொன்ன சொல்லும் இதுதான். 'சண்டித்தனம் பண்றாளுங்க.' எம்.ஏ. தமிழ் படிக்கிறபோது எத்தனையோ சொல்லுக்கு வேர் தோண்டியிருக்கிறோம். இதைத் தோண்டச் சொல்லி ஒரு பேராசிரியரும் சொன்னதில்லை. ஓட்டுகிறவன் வாயில் பிறந்த சொல் இது. ஏன் நின்றது என்று கேட்பதற்கு இந்தச் சொல்லுக்குள் இடமே கிடையாது.

எங்க நைனா குதிரைக்காரர். சைசு என்பார்கள். 14 வயசில் கிண்டியில் ஒரு ரேஸ் லாயத்துக்கு லத்தி அள்ளப் போனவர். எங்க சேரியிலிருந்து அவரோடு நாலு பேர் போனார்கள். தேய்க்கிறது, தண்ணி காட்டுறது, கொள்ளு வேகவைக்கிறது, ராத்திரி குதிரைக்கு வயித்துவலி வந்தால் விடியவிடிய நடத்துறது, எல்லாம் அங்கே கற்றது. பிற்பாடு கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் சேர்ந்தார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் சனி ஞாயிறு வந்து கற்றுக்கொள்கிற இடம். 20 மீட்டர் அகலம், 40 மீட்டர் நீளம், மணல் கொட்டி, சுற்றிலும் வெள்ளைக் கட்டை போட்டிருப்பார்கள். அதற்கு அரீனா என்று பேர். ஓரத்தில் பலகைகளில் இங்கிலீஷ் எழுத்து இருக்கும். ஏ, கே, ஈ, எச், சீ, எம், பீ, எஃப். எங்க நைனாவுக்குத் தெரிந்த இங்கிலீஷ் இந்த எட்டு எழுத்துதான், அதுவும் இந்த வரிசையில்தான். ஏ-வுக்கு அப்புறம் பீ என்று நான் சொன்னால் சிரிப்பார். "பீ அங்க எதிர்ல நிக்குது பாரு" என்பார்.

அந்தப் பள்ளியில் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. ரேஸில் ஓடிக் கழித்துவிட்டது. ரேஸ் குதிரைக்கு ஆயுசு 25 வருசம் என்றால் ஓடுகிற காலம் அதில் மூணு நாலு வருசம்தான். மிச்சக் காலத்துக்கு யாராவது வாங்கினால் உண்டு. இதற்கு ரேஸ் புத்தகத்தில் நீளமாய் ஒரு இங்கிலீஷ் பேர் இருந்தது, நைனா கண்ணம்மா என்றுதான் கூப்பிடுவார். 2019 கோடையில் கண்ணம்மா அரீனாவுக்குள் போக மறுத்தது. வாசல் கட்டை வரைக்கும் வரும். அங்கே நின்றுவிடும். காதைப் பின்னால் மடிக்கும், வாலை அடிக்கும், உதைத்தால் பின்னால் போகும். உள்ளே இழுத்துக்கொண்டு போனாலும் ஒரு சுற்று முடிந்து வாசலுக்கு நேராக வந்ததும் ஆணி அடித்த மாதிரி நிற்கும். கோச் சவுக்கு எடுத்தார். இரண்டு நாள் போனது, மூணாம் நாள் முன்னங்காலைத் தூக்கிவிட்டது. மேலே இருந்த பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளையின் அம்மா கத்திய கத்தலில் மேனேஜர் நைனாவைக் கூப்பிட்டார். ஒரு மாசம் டைம். சரிவரவில்லை என்றால் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவனுக்குக் கொடுத்துவிடப் போகிறோம், அந்தக் குதிரைக்கு என்று வைத்த ஆளும் அப்புறம் எதற்கு என்றார். அந்த ஆள் எங்க நைனா.

நான் அப்போது ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளன். கோடை விடுமுறை என்றால் சம்பளமும் விடுமுறை. விடிகாலை நாலரைக்கு நைனாவோடு பஸ் ஏறினேன், கயிறு பிடிக்க.

முதல் நாள் நைனா அதை அரீனா பக்கமே கொண்டுபோகவில்லை. "அது சண்டி இல்லடா. எங்கியோ நோவுது. வாயி இருந்தா சொல்லிக்கினு இருக்காதா?" என்று உள்ளங்கையை அதன் முதுகில் வைத்து, பிடரி முடிகிற மேட்டிலிருந்து இடுப்பு வரைக்கும் மெல்ல அழுத்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் தோல் சுருங்கி, குதிரை முதுகைக் கீழே இறக்கியது. திருப்பி அங்கேயே வைத்தார், திரும்பவும் இறக்கியது. அங்கே நாலைந்து வெள்ளை மயிர் முளைத்திருந்தது. காப்பி நிறக் குதிரைக்கு வெள்ளை மயிர் எங்கிருந்து வந்தது? ஜீனி அழுத்தி அழுத்தி உள்ளே ரணமான இடத்தில் மயிர் வெளுத்து முளைக்கும். பள்ளியில் 11 குதிரைக்கு 5 ஜீனி. எது கையில் கிடைக்கிறதோ அதைப் போடுவது. ஒரே அளவுச் செருப்பை ஊருக்கெல்லாம் போட்டுவிட்ட கதை. அப்புறம் வாயைத் திறந்து பக்கவாட்டில் விரலை விட்டார். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கத்தி மாதிரி கூராகி, கன்னத்தின் உள்பக்கம் கிழித்திருந்தது. குதிரைப் பல் சாகிற வரைக்கும் மேலே வந்துகொண்டே இருக்கும், தேயத் தேய வரும். கீழ்த்தாடை மேல்தாடையைவிடக் குறுகல், அதனால் ஓரம் தேயாமல் கூராகும். டாக்டர் வந்து அரம் போட்டு ராவ வேண்டும். அந்த ரணத்தின்மேல்தான் கடிவாளம் இழுத்தால் கன்னம் அழுந்துகிறது. பத்து வயசுப் பிள்ளை பயத்தில் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும், கோச் 'உதை உதை' என்பார். காலால் போ, கையால் நில். எந்தச் சொல்லைக் கேட்பது? கேட்காமல் நின்றுவிட்டது.

இன்னொன்று வயிறு. காலையில் ஆறு மணிக்குக் கொள்ளும் தவிடும், அப்புறம் மத்தியானம் வரைக்கும் வெறும் வயிறு. மனுச வயிறு சாப்பிடும்போது அதிகமாய் அமிலம் சுரக்கும். குதிரை வயிறோ தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அது நாளெல்லாம் மேய்கிற சாதி. வெறும் வயிற்றோடு குலுங்கினால் அமிலம் மேலே தெறித்துப் புண்ணாகும். நைனாவுக்கு அமிலம் கிமிலம் எல்லாம் தெரியாது. "வெறும் வயித்துல ஏறி ஒக்காந்தா எரியும்டா அதுக்கு" என்பார். வேலைக்கு முன்னால் இரண்டு கட்டுப் புல்லைப் போட்டுவிடுவார்.

இதையெல்லாம் நான் நைனா பெருமையாக எழுதவில்லை. 2018இல் சூ டைசன் என்கிற இங்கிலாந்துக் கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். ஆள் ஏறிய குதிரையிடம் பார்க்க வேண்டிய 24 நடத்தைகள். ஐந்து விநாடிக்குமேல் காதைப் பின்னால் மடித்து வைப்பது, வாயைத் திறப்பது, வாலைச் சுழற்றுவது, முன்னால் போகத் தயங்குவது, தானாக நின்றுவிடுவது எல்லாம் அதில் வருகிறது. எட்டு அல்லது அதற்குமேல் தெரிந்தால் உடம்பில் எங்கோ வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். சண்டி என்று ஒற்றைச் சொல்லில் அடைத்துவைத்ததை அந்த அம்மா 24ஆகப் பிரித்து எழுதிவிட்டார். நம்முடைய லாயங்களில் இதைக் கையால் தடவித் தெரிந்துவைத்திருந்தவர்கள் எழுதவில்லை. எழுதச் சொல்லி அவர்களிடம் யார் பேனா கொடுத்தது?

நம் இலக்கியத்துக்கு ஒன்றும் குதிரை புதுசு இல்லை. திருக்குறளுக்கு உரை எழுதியவர் பெயரே பரிமேலழகர். மாணிக்கவாசகர் கதையில் சிவபெருமானே குதிரைச் சேவகனாக வருகிறார், பாடல் பெறுகிறார். எங்க நைனாவை அந்தப் பள்ளியில் 'ஏய் குதிரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பற்றி எழுதும்போது, கடல்வழியே வருசா வருசம் பெரும் பொருள் கொடுத்துக் குதிரை வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் அவை செத்துப்போகின்றன என்கிறார். வாங்குவதற்குக் கஜானா இருந்திருக்கிறது. லாயத்தைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

டாக்டர் வந்து பல் ராவினார். மேனேஜரிடம் மன்றாடி நைனா ஒரு ஜீனியைக் கண்ணம்மாவுக்கென்று ஒதுக்கி, அடியில் கம்பளம் மடித்து, அந்த வெள்ளை மயிர் இடத்தில் படாதபடி செய்தார். இரண்டு வாரம் முதுகில் ஒன்றும் ஏற்றவில்லை. வலி போய்விட்டால் குதிரை மறுநாளே உள்ளே போய்விடும் என்று நான் நினைத்தேன். போகவில்லை. "நோவு போனாலும் நெனப்பு போவாதுடா" என்றார் நைனா. அந்த வாசல் அதற்கு வலியின் வாசல்.

அப்புறம்தான் என்னுடைய கயிறு பிடிக்கிற வேலை. ஜீனி இல்லை, வெறும் கயிறு. வாசல் வரைக்கும் நடத்தி, அது நிற்கிற இடத்திலேயே நாங்களும் நின்றோம். இழுக்கவில்லை. கயிறு லேசாக விறைப்பாக இருக்கும், அவ்வளவுதான். அரை அடி முன்னால் வைத்ததும் கயிற்றைத் தொளதொளவென்று விட்டுவிட வேண்டும். அந்த விடுகிற நேரம்தான் பாடம். ஒரு விநாடி தாமதமாக விட்டாலும் நைனா திட்டுவார். "கேட்ட, குடுத்துச்சி. குடுத்தப்புறமும் புடிச்சிக்கினு இருந்தா அதுக்கு இன்னா மரியாத?" மூன்றாம் நாள் உள்ளே வந்தது. நடுவில் நின்றோம். ஒரு பிடி புல் தின்றது. வெளியே கூட்டிவந்துவிட்டோம், மூன்று நிமிசத்தில். இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாமே என்றேன். அது போதும் என்கிறதுக்கு முந்தி நாம போதும்னு சொல்லிடணும் என்றார்.

இதில் நைனா செய்த ஒரு காரியம் இன்றைக்கும் எனக்கு வியப்பு. பாடம் முடிந்தால் பிள்ளைகள் வாசல் பக்கம்தான் இறங்குவார்கள், வழக்கம் அது. அப்படியென்றால் குதிரைக்கு வாசல்தான் விடுதலை. ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வந்து நிற்காமல் என்ன செய்யும்? நைனா இதைத் தலைகீழாக்கினார். வாசல் ஏ பலகைப் பக்கம். தூரத்து மூலையில் சீ பலகைகிட்டே கொண்டுபோய் நிறுத்தி, அங்கேதான் இறங்கினார், அங்கேதான் வயிற்று வாரைத் தளர்த்தினார், புல்லும் அங்கேதான். ஒரு வாரத்தில் கண்ணம்மா சீ பக்கம் போகிறபோது நடை நீண்டது. வாசலைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் அரீனாவே கிடையாது. சவுக்குத் தோப்பு வழியாகக் கடல்வரைக்கும் நடை. ரேஸ் மைதானத்தில் ஒரே பக்கமாக வளைந்து ஓடியே வளர்ந்த குதிரை, இங்கே நாலு கட்டைக்குள் சுற்றுகிறது. அலுக்காதா?

விடிகாலையில், யாரும் வருவதற்கு முன்னால், நைனா ஏறி ஓட்டுவார். மெம்பர்கள் வந்துவிட்டால் சைசுகள் ஏறக்கூடாது. எழுதாத சட்டம். 2018 மார்ச்சில் குஜராத்தில் பாவ்நகர் மாவட்டத்தில் 21 வயசு தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். சொந்தக் குதிரை வைத்து ஓட்டியதுதான் காரணம் என்றது அவர் குடும்பம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நைனாவிடம் சொன்னபோது, குதிரைக்குத் தெரியுமா மேல ஒக்காந்தவன் எந்தத் தெரு என்று என்று மட்டும் கேட்டார். நாங்கள் அதைப்பற்றி மேலே பேசவில்லை.

மாசக் கடைசியில் கண்ணம்மா பிள்ளைகளோடு வாக், டிராட் எல்லாம் போனது. கத்திய அம்மா வந்து பார்த்துவிட்டு, யார் சரி பண்ணினது என்று கேட்டார். மேனேஜர் கோச்சைக் காட்டினார். நைனா பக்கத்தில்தான் பக்கெட்டோடு நின்றார். எனக்குத்தான் நெஞ்சு கொதித்தது. அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் அட்டவணை விசயத்தில் அவர் அப்படிப் போகவில்லை. குதிரை சரியானதும் மேனேஜர் பழையபடி நாளைக்கு ஐந்து பாடம் என்று கரும்பலகையில் எழுதினார். பாரம் சுமக்கிற விலங்குகளுக்கு 1965ஆம் வருசத்து விதி ஒன்று உண்டு. ஒருநாளில் 9 மணி நேரத்துக்குமேல் கூடாது, தொடர்ந்து 5 மணி நேரத்துக்குமேல் கூடாது, வெயில் 37 டிகிரி தாண்டுகிற ஊரில் பகல் 12 முதல் 3 வரை கூடாது. (நாலரைக்கு பஸ் ஏறி ராத்திரி எட்டுக்கு வீடு திரும்புகிற நைனாவை எந்த விதியில் சேர்ப்பது என்று நான் யோசித்ததுண்டு.) நைனா விதி பேசவில்லை. ரெண்டு பாடம்தான், மூணாவதுக்கு ஜீனி போடமாட்டேன் என்றார்.

"இன்னாய்யா, நீயும் சண்டித்தனம் பண்றியா?"

"ஆமா சார்."

மூணு நாள் பேச்சு நடந்தது. வேறு சைசைப் போட்டுப் பார்த்தார்கள். அவரும் எங்க சேரிக்காரர்தான், ஜீனியைத் தொடவில்லை. நாலாம் நாள் கரும்பலகையில் ஐந்தை அழித்து இரண்டு என்று எழுதினார்கள். கோடையில் பகல் பதினொன்றுக்கு மேல் பாடமே இல்லை என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது, எல்லாக் குதிரைக்கும். சம்பளத்தில் அந்த மூணு நாளைப் பிடித்துக்கொண்டார்கள்.