செம்பு உடம்பு

கார்செட் என்றதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கும் ஒரு பெண்ணும், பின்னால் நின்று நாடாவை இழுக்கும் பணிப்பெண்ணும் நினைவுக்கு வருவார்கள். சினிமா பழக்கிவைத்த காட்சி அது. ரவிக்கை தைக்கக் கற்றவள் என்பதாலோ என்னவோ, என் கண் அந்த நாடாவுக்கு முந்தைய வேலையில்தான் நிற்கிறது. விக்டோரியா காலத்துக் கார்செட்டுக்கு உருவம் தந்தது முதலில் கத்தரி.

துணியைச் சும்மா சுற்றி இறுக்கினால் இடுப்பு வராது. சதை மேலும் கீழும் பிதுங்கும். அதனால் பல நெடுந்துண்டுகளாக வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் மார்பருகே விரிந்து, இடுப்பில் ஒடுங்கி, கீழே மறுபடி விரியும். பக்கத்துக்கு ஆறு துண்டு என்றால் மொத்தம் பத்து இணைப்புத் தையல். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் போதும், இடுப்பளவில் 2 செ.மீ. போய்விடும். அந்தக் கைகளின் நிதானத்தை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

துணியும் சாதாரணமானதல்ல. கூட்டில் என்ற, நெருக்கி நெய்த பருத்தித்துணி, இழுத்தால் நீளாது. இடுப்பின் உட்புறம் ஓடும் ஒரு வார் இழுவிசையை வாங்கிக்கொள்ளும். துணியில் தைத்த குழல்களுக்குள் செருகிய பட்டைகள், இழுக்கும்போது துணி சுருண்டு மடங்காமல் நிமிர்த்திப் பிடிக்கும். திமிங்கிலத்தின் வாயில் தொங்கும் தட்டுகளைக் கீறி எடுத்த பட்டைகள் அவை. நம் நகத்தில் இருக்கும் கெரட்டின்தான். உடற்சூட்டில் இளகி அணிபவளின் வளைவுக்குப் பழகிவிடும். அதற்காக எத்தனை திமிங்கிலங்கள் செத்தன! பின்னாளில் எஃகு வந்தது. 1883-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் வாரன் என்பவர் வான்கோழி இறகின் தண்டிலிருந்தும் பட்டை செய்தார். பட்டையின் முனை துணியைக் குத்திக்கொண்டு வெளியே வராமல் பட்டு நூலில் சின்னச் சின்ன வேலைப்பாடு போடுவார்கள். காவலுக்குப் போட்ட தையல்தான் அழகாகவும் அமைந்தது.

1820களின் கடைசியில் நாடாத் துளைகளுக்கு உலோக வளையம் வந்தது. அதன் பிறகே துணி கிழியாமல் வலுவாக இழுக்க முடிந்தது. மார்பெலும்போடு சேராத கடைசி விலா எலும்புகள் எளிதில் உள்ளே வளையும். வயிறும் குடலும் இடம் பெயரும். மூச்சு மேல் நெஞ்சுக்கு ஏறும். வளரும் வயதிலேயே இறுக்கிக் கட்டினால் எலும்பே அந்த வளைவில் நின்றுவிடும். இதையெல்லாம் பெண்களின் அழகு மோகம் என்று பழித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

எனக்கு அந்தப் பழி ஏற்புடையதல்ல. 1868-ல் இங்கிலாந்தில் எட்வின் ஐசாட் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். தைத்து முடித்த கார்செட்டைக் கஞ்சியில் நனைத்து, நீராவியால் சூடேற்றிய செம்பு உடம்பு ஒன்றின்மேல் மாட்டிக் காயவிடுவார்கள். அளவெடுத்துத் தைக்கும் தையற்காரி ஒரு பெண்ணின் உடம்பை அளந்து துணியை வெட்டினாள். இங்கோ செம்பின் அளவுக்கு ஆயிரம் பெண்கள் பொருந்த வேண்டும். கொடுமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. பழைய கார்செட்டின் இடுப்பளவை அப்படியே அதை அணிந்தவளின் இடுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலர் முதுகில் சில அங்குலம் திறந்துவிட்டுத்தான் நாடாவைக் கட்டினார்கள். அந்த இடைவெளியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.