63 குதிரையா... 105 குதிரையா?

பொட்டிபுரம்னு சொன்னதும் உங்களுக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். அதை விடுங்க பாஸ்! அங்கிருந்து போடிக்கு வந்து, முந்தலைத் தாண்டிப் பாருங்க. 17 கொண்டை ஊசி வளைவு. முடிவுல சுமார் 4,500 அடி உயரத்துல போடிமெட்டு, அந்தப் பக்கம் கேரளா. வண்டிப் பைத்தியங்களுக்கு இதைவிட நல்ல லேப் கிடையாது.

பென்ட்லி கான்டினென்டல் ஜி.டி.யில 'ஸ்பீடு' உசத்தியா, 2009-ல வந்த 'சூப்பர்ஸ்போர்ட்ஸ்' உசத்தியான்னு விடிய விடிய சண்டை போடுற கோஷ்டி உங்க ஹாஸ்டல்லயும் இருக்கும். ரெண்டுலயும் அதே 6 லிட்டர், 12 சிலிண்டர் எஞ்சின். சூப்பர்ஸ்போர்ட்ஸ்ல பின்சீட்டைக்கூட எடுத்துட்டு 110 கிலோ இளைக்க வெச்சாங்க. உச்ச வேகம் 326-ல இருந்து 329 கிலோமீட்டர் ஆச்சு. மூணே மூணு!

நம்ம மலைக்கேத்த சண்டை வேற. 2010-ல மகிந்திரா தார் ரெண்டு வகையா வந்துச்சு. டி.ஐ., 63 குதிரைசக்தி. சி.ஆர்.டி.இ., 105. புதுத் தலைமுறை தார் 2020-ல வந்ததோட ரெண்டுக்கும் டாட்டா. காகிதத்துல சி.ஆர்.டி.இ. அடிச்சுத் தூக்கும். முன்சக்கரங்கள் தனித்தனியா அசையிறதால குலுக்கலும் குறைவு. டி.ஐ.யில முன்னாலயும் பின்னாலயும் லீஃப் ஸ்பிரிங். குழியில விழுந்தா முதுகெலும்பு கணக்குக் கேக்கும்! ஆனா அதோட எஞ்சின் பழைய ஜீப் பரம்பரை. குறைஞ்ச சுத்துலயே இழுக்கும், சாதாரண பட்டறையிலயே பிரிச்சு மாட்டலாம். எஸ்டேட் மண்பாதைக்கு என் ஓட்டு டி.ஐ.க்குத்தான். மூணாறுக்கு ஜாலி ட்ரிப்னா சி.ஆர்.டி.இ.

சரி, இறங்கும்போது? அங்கே இந்த 63, 105 எல்லாம் செல்லாக்காசு. பிரேக்கும் கியரும்தான் பேசும். எடை கூடக்கூட பிரேக் சூடாகும். ரொம்பச் சூடானா பிடிக்கிற பிடி குறையும். ஏறின கியர்லயே இறங்கணும்னு பெரிய டிரைவர்கள் சொல்றது சும்மா இல்ல மக்கா, அது சுத்தமான இயற்பியல்.

இந்தக் கணக்கை தினமும் உடம்பால போடுறவங்க இருக்காங்க. விடியறதுக்குள்ள தூக்குவாளியோட கிளம்பி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கவும் களை எடுக்கவும் ஜீப்புல போற அக்காக்கள். அங்கே பென்ட்லி பின்சீட்டைப் பிடுங்குது. இங்கே சீட்டே தெரியாத அளவுக்கு ஆளுங்க. ஒரு நடை முடிச்சுட்டு அடுத்த நடைக்கு ஓடுற அவசரமும் சேர்ந்துக்கும். அளவுக்கு மேல ஏத்துன ஜீப் கவிழ்ந்த செய்தியை இந்த மலைக்காரங்க எத்தனையோ தடவை படிச்சிருக்காங்க. டிரைவரை மட்டும் திட்டி என்ன பண்ண? ஆள் கூடினாதான் தலைக்கு வாடகை குறையும். அன்னன்னிக்குக் கூலி வாங்குறவங்களுக்கு அதுவும் காசு.

மலைப்பாதையில ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை. காலையில மூணாறுல இருந்து இறங்குறீங்கன்னா, ஒரு வளைவுக்கு முன்னாடியே ஒதுங்கி நில்லுங்க. எதிர்ல அந்த ஜீப் வந்துட்டிருக்கும்.