இடுப்பளவு தண்ணீர்

மனிதர், இயற்கை, கட்டடம் ஆகிய மூன்றுக்கும் உள்ள உறவைப் படமெடுத்து வரும்படி கல்லூரியில் சொல்லியிருப்பதாகவும், எங்கே போகலாம் என்றும் புகைப்படம் பயிலும் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பதுண்டு. எண்ணூருக்குப் போங்கள் என்பேன். காலையில் போய் மாலையில் நானூறு படங்களோடு திரும்பிவிடுவார்கள். குறை சொல்லவில்லை, பிள்ளைகளே. உங்கள் வயதில் எனக்கும் இதே அவசரம் இருந்தது. என்னிடம் இருந்தது அக்ஃபா கிளிக் த்ரீ. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். அதனால் என் அவசரமும் பன்னிரண்டோடு நின்றது.

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தில் ஓர் அந்திப் பொழுதில், அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு முன்னால் படகில் நின்ற வலைக்காரர் ஒருவரை நிழலுருவாக எடுத்தேன். ஒரு போட்டியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. 1982 மாசியில் அதன் பிரதியை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். “படகு கீது, பொகை கீது. என் மூஞ்சியக் காணோமே தம்பி?” என்றார்.

பரிசு வாங்கிய மேடையில் எவரும் கேட்காத கேள்வி அது. புகைபோக்கியின் உயரத்தைக் காட்ட அந்த மனிதரை ஓர் அளவுகோலாக நட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான். வெட்கத்தோடு அப்போதே இன்னொரு படம் எடுத்தேன். காலை வெயில் முகத்தில் விழ, தோளில் வீச்சு வலையோடு, இடுப்பளவு தண்ணீரில் நின்று சிரித்தார். பின்னால் ஒரு மின்கம்பம். சாதாரணப் படம். எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் படத்தின் அருமை புரிந்தது. அனல் மின் நிலையக் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் அதற்குள் ஆற்றின் அடியில் படிந்து மேடு தட்டியிருந்தது. அதே கம்பத்துக்கு நேராக அதே அண்ணனை நிற்கச் சொன்னேன். தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேல்தான் இருந்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊரே அதிரும் என்று துள்ளினேன்.

அவர் துள்ளவில்லை. “அன்னிக்கு ஏத்தம், இன்னிக்கு வத்தம். இது கணக்குல சேராது தம்பி. நாம ஒரு பொய் சொன்னா, நாளைக்கு நம்ம நெசத்தையும் எவனும் நம்பமாட்டான்” என்றார்.

அந்தப் பொய்யால் ஆதாயம் பெறக்கூடியவரே அதைத் தடுத்தார். இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து பழைய நெகடிவ் உறையைத் தேடினேன். அதில் தேதி இருந்தது. பழைய பஞ்சாங்கத்தில் பார்த்தால் அன்று மாசி அமாவாசை. அவர் தோளில் விழுந்த நிழலைக் கொண்டு மணி எட்டு எட்டரை இருக்கும் என்று கணித்தோம். கடல் மட்டம் மாதத்துக்கு மாதம் மாறும். அமாவாசைக்கும் அட்டமிக்கும் ஏற்றம் ஒன்றாக இராது. ஆகவே அடுத்த மாசி அமாவாசை வரை காத்திருந்தோம். அன்று காலை எட்டரைக்கு அவர் மறுபடி இறங்கி நின்றார். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கணுக்கால் அளவுக்கு அது அதிர்ச்சி தராதுதான். ஆனால் அது உண்மை. சாம்பலோடு முகத்துவாரத்து மணல் திட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் அவரே எழுதச் சொன்னார்.

ஜெர்மனியில் பெர்ண்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்ற தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். மேகம் மூடிய நாளுக்காகக் காத்திருப்பார்கள். எதையும் ஒரே மாதிரி நேராக நின்று எடுப்பார்கள். அந்தப் பொறுமையை அவர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் படங்களில் மனிதர் இல்லை. வலைக்கார அண்ணனின் கேள்வியைக் கேட்டுவிட்ட எனக்கு அது போதவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகமெங்கும் படர்ந்தது. கேமராக்கள் திரண்டன. எண்ணெய் தோய்ந்த கூழைக்கடாக்களின் படங்கள் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன; வரவேண்டியவைதான். கரையில் மீனவர்கள் வாளியால் எண்ணெயை மொண்டுகொண்டிருந்தார்கள். பொங்கலுக்குப் பின் நான் போனபோது கேமரா ஒன்றும் இல்லை. அலையாத்தி வேர்களில் கறுப்புக் கறை அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

வருகிற அமாவாசையன்று காலை எட்டு மணிக்கு அந்த மின்கம்பத்தடியில் இருப்பேன். அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிறவர்கள் செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அந்தச் சேறு பிடித்தால் விடாது.