சூப்பர்மேன் ஜட்டியும் என் வெள்ளைக் கோட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல சின்னப் பசங்க இருக்குறவங்க பொறுமையா படிங்க. பையனோட அப்பா அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அடையாளம் தெரியற விஷயங்களை மாத்தியிருக்கேன்.

2024 மே மாசம். காலேஜ் படிக்கிற என் மகன் சாப்பிடாம போனை வச்சு யாரையோ திட்டிட்டு இருந்தான். என்னடான்னு கேட்டா, புது சூப்பர்மேன் படத்தோட முதல் போட்டோவை டைரக்டர் ஜேம்ஸ் கன் வெளியிட்டிருக்காராம். டேவிட் கோரன்ஸ்வெட்னு ஒரு புது நடிகர் சூப்பர்மேன் டிரஸ்ல உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிட்டு இருக்கார். ஜன்னலுக்கு வெளியே ஊரை என்னமோ தாக்கிட்டு இருக்கு.

“அப்பா, திரும்ப ஜட்டி போட்டுட்டாங்கப்பா!”

விஷயம் இதுதான். 1938ல காமிக்ஸ்ல பிறந்த நாள்லேர்ந்து சூப்பர்மேன் நீல உடைக்கு மேல சிவப்பு ஜட்டி போட்டிருந்தார். அந்தக் காலத்து சர்க்கஸ் பயில்வான்கள் போட்ட உடை அது. நம்ம ஊர்ல மூணு தலைமுறை இதை வச்சே சிரிச்சிருக்கு. “பேண்டுக்கு மேல ஜட்டி போட்டவன்”னு சொன்னா பேரே சொல்ல வேண்டாம். 2011ல காமிக்ஸ்ல ஜட்டியை எடுத்தாங்க. 2013ல வந்த ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ படத்துல ஹென்றி கேவில் ஜட்டி இல்லாம, கருநீல உடையில, முகத்துல சிரிப்பே இல்லாம வந்தார். என் மகன் தலைமுறைக்கு அவர்தான் சூப்பர்மேன். இப்ப திடீர்னு பழைய ஜட்டி திரும்ப வந்ததும் கொதிச்சுப் போயிட்டாங்க. டிரஸ் தொளதொளன்னு இருக்கு, காலர் பெருசா இருக்கு, நைட்டி மாதிரி இருக்குன்னு ஒரு பக்கம் கிண்டல். இதுதாண்டா ஒரிஜினல்னு இன்னொரு பக்கம் கொண்டாட்டம்.

எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுட்டே எல்லாத்தையும் கேட்டாங்க. “அண்ணாமலையாருக்கு நாளுக்கு ஒரு அலங்காரம் பண்றாங்க. தீபத்தன்னிக்கு அர்த்தநாரீஸ்வரரா வெளிய வந்து ரெண்டு நிமிஷம் ஆடிட்டு உள்ள போயிடறாரு. அதுக்கு யாராச்சும் சண்டை போட்டாங்களா?” மகன் பதில் சொல்லல. நானும் சிரிச்சுட்டு கிளினிக் கிளம்பிட்டேன். டிரஸ்ஸுக்குப் போய் இவ்வளவு சண்டையான்னுதான் அன்னிக்கு நினைச்சேன்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு, படம் 2025 ஜூலை 11 வெள்ளிக்கிழமை வந்துச்சு. தமிழ்லயும் டப் பண்ணியிருந்தாங்க. முந்தின நாள் வியாழக்கிழமை பௌர்ணமி. திருவண்ணாமலைல பௌர்ணமின்னா சொல்லவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனுஷத் தலைதான். ஓரத்துல வரிசையா கடை. பொம்மை, பொரி, ருத்ராட்சம், அதுக்கு நடுவுல பசங்களுக்கு சூப்பர்மேன் பனியன். முதுகுல ஒட்டிக்கிற சிவப்புத் துணியோட.

அந்த பனியனைப் போட்டுட்டுத்தான் திங்கக்கிழமை காலைல அந்தப் பையன் என் கிளினிக்குக்கு வந்தான். எட்டு வயசு.

நடந்து வரும்போதே எனக்குச் சரியாப் படல. வலது கையை வயித்துமேல வச்சுட்டு, கொஞ்சம் குனிஞ்சு, அடி அடியா வச்சு வந்தான். என்னைப் பார்த்ததும் அம்மா முந்தானையைப் பிடிச்சுட்டு பின்னாடி போயிட்டான். கூட வந்த ஆயாதான் பேசினாங்க. “நேத்து ராத்திரி ரெண்டு வாட்டி வாந்தி சார், ஒடம்பு நெருப்பா கொதிக்குது. தொக்கம் இருக்கும்னு எடுத்துட்டு வந்தோம். அப்பவும் நிக்கல.”

“வயிறு வலிக்குதாப்பா?”

தலையை இல்லைன்னு ஆட்டினான்.

பசங்களுக்கு வயித்து வலின்னா நாங்க ஒரு சின்ன சோதனை பண்ணுவோம். குதிக்கச் சொல்லுவோம். குடல்வால் வீங்கி, வயித்தோட உள்பக்க உறை புண்ணாகியிருந்தா குதிக்க முடியாது. கால் தரையில பட்டதும் வலி உயிர் போகும். அதனால, “சூப்பர்மேன், எங்க ஒரு குதி குதிங்க பார்க்கலாம்”னேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னான். “சூப்பர்மேன் குதிக்க மாட்டான். பறப்பான்.”

எல்லாரும் சிரிச்சோம். எனக்கு மட்டும் பாதியிலயே சிரிப்பு நின்னு போச்சு. படுக்க வச்சு கையை வச்சேன். வயிறு பலகை மாதிரி இருந்துச்சு. அவன் பல்லைக் கடிச்சுட்டு, கண்ல தண்ணி வழிய வழிய, “வலிக்கல, வலிக்கல”ன்னு சொல்லிட்டே இருந்தான்.

அப்புறம்தான் கதை ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொப்புளைச் சுத்தி வலி. யார்கிட்டயும் சொல்லல. சனிக்கிழமை சாப்பாடு வேண்டாம்னான். வெயில்னு விட்டுட்டாங்க. வலி கீழ, வலது பக்கமா இறங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல திடீர்னு வலி குறைஞ்சிருக்கு. அன்னிக்கு மதியம்தான் அப்பா படத்துக்குக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருந்தார். போயிருக்காங்க. படம் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கான். வாங்கிக் கொடுத்த பாப்கார்னைத் தொடல.

அந்த ஞாயித்துக்கிழமை காலை வலி குறைஞ்சது நல்ல அறிகுறி இல்ல. வீங்கின குடல்வால் வெடிக்கும்போது உள்ள இருக்குற அழுத்தம் குறைஞ்சு கொஞ்ச நேரம் வலி அடங்குற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் சீழ் வயிறு முழுக்கப் பரவும். அதனால இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. தொப்புள்கிட்ட ஆரம்பிச்சு வலது பக்கம் கீழ இறங்குற வலி, பசி இல்லாம போறது, வாந்தி, லேசான காய்ச்சல், குனிஞ்சு நடக்குறது, குதிக்க மாட்டேங்கிறது. இதெல்லாம் சேர்ந்து இருந்தா ஓம வாட்டர், தொக்கம்னு நாளைக் கடத்தாதீங்க. விளக்கெண்ணெய், பேதி மருந்து எதுவும் கொடுக்கவே கொடுக்காதீங்க. சின்னக் குழந்தைங்களுக்கு பெரியவங்களை விட சீக்கிரம் வெடிக்கும். வலி எங்கன்னு அவங்களுக்குச் சரியாச் சொல்லவும் தெரியாது.

இந்தப் பையனுக்குச் சொல்லத் தெரியும். ஆனா சொல்லல. ஏன்னு கேட்டப்ப அவங்க அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாங்க. “ஊசிக்குப் பயம் சார். டாக்டர்னாலே ஒளிஞ்சுக்குவான். நாங்களும் சாப்பிடலன்னா, படிக்கலன்னா உங்ககிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுடுவோம்னுதான் மிரட்டுவோம்.”

மதியத்துக்குள்ள ஜி.எச்.சுக்கு அனுப்பி, அன்னிக்கு சாயங்காலமே ஆபரேஷன் ஆச்சு. வயித்தைத் திறந்தா சீழ். கழுவி, டியூப் வச்சு மூடினாங்க. ரெண்டு நாள் கொஞ்சம் கலக்கமாத்தான் இருந்துச்சு. மூணாவது நாள் காய்ச்சல் இறங்கிச்சு.

நாலாவது நாள் காலைல கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வார்டுக்குப் போனேன். வேட்டி, கதர் சட்டை, நெத்தியில விபூதி. பையன் கட்டில்ல சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தான். அம்மா கேண்டீனுக்குப் போயிருந்தாங்க. என்னை அவனுக்கு அடையாளம் தெரியல. பக்கத்து பெட்டுக்கு வந்த யாரோ மாமான்னு நினைச்சுட்டான் போல.

பேச்சு கொடுத்தேன். படம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். அவ்வளவுதான், திறந்த குழாய் மாதிரி கொட்டினான். அந்த நாய் வருமாம், அது சொன்ன பேச்சே கேட்காதாம், சூப்பர்மேன் நிறைய அடி வாங்குவாராம். ஜட்டி பத்திக் கேட்டேன். என் மகன் சொன்ன அத்தனை குறையும் சொல்லி, அசிங்கமா இல்லியான்னேன்.

“அது காமெடியா இருக்கும் மாமா. அதான் எனக்குப் புடிச்சுது.”

அப்புறம் அவனாவே தாடையைத் தூக்கிக் காட்டினான். கீழ ஒரு பழைய தழும்பு, ஒரு இன்ச் இருக்கும். “எனக்கும் இங்க அடிபட்டிருக்குது. சின்ன வயசுல. ஒரு டாக்டர் தச்சாரு. நாலு பேரு புடிச்சுக்கினாங்க. நான் கத்தினேன், அப்பவும் உடல.”

எனக்கு சுரீர்னு ஆச்சு. சில வருஷம் முன்னாடி, ஒரு பௌர்ணமி ராத்திரி. கூட்டத்துல தள்ளிவிட்டு விழுந்த ஒரு குழந்தை, தாடை கிழிஞ்சு ரத்தம். வெளிய இன்னும் இருபது பேர். மரத்துப் போற ஊசி போட்டுட்டு அது வேலை செய்யற வரைக்கும் ரெண்டு நிமிஷம் காத்திருக்கணும். நான் காத்திருந்தேனான்னு இப்ப சத்தியம் பண்ணிச் சொல்ல முடியல. குழந்தையை அம்மா மடியில உட்கார வச்சுக் கட்டிப் பிடிச்சுக்கச் சொல்லியிருக்கலாம். மல்லாக்கப் படுக்க வச்சு கை கால் தலைன்னு ஆளுக்கொண்ணு அமுக்கிப் பிடிச்சா எந்தக் குழந்தையும் மிரண்டுதான் போகும். அது எனக்குத் தெரியாம இல்ல. நேரம் இல்லைன்னு நினைச்சேன். மூணு தையல், அஞ்சு நிமிஷத்துல முடிச்சேன். வேகமா முடிச்சதுக்கு எனக்கு அன்னிக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்திருக்கும்.

“அந்த டாக்டர் நான்தாம்ப்பா”ன்னேன்.

பையன் ரொம்ப நேரம் என்னைப் பார்த்தான். நம்பல. “அவரு வெள்ளைக் கோட்டு போட்டிருப்பாரு.”

“அதைக் கழட்டி வச்சுட்டு வந்திருக்கேன். அன்னிக்கு உனக்கு ரொம்ப வலிச்சிருக்கும். நான் கொஞ்சம் பொறுமையா தச்சிருக்கணும். மன்னிச்சுக்க.”

அவன் ஒண்ணும் சொல்லல. போர்வையை இழுத்து தாடை வரைக்கும் மூடிக்கிட்டான். அவங்க அம்மா வந்தாங்க, நான் எழுந்து வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து மகன்கிட்ட சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு ஒரு விஷயம் சொன்னான். அந்த டைரக்டருக்கே முதல்ல ஜட்டி வேண்டாம்னுதான் தோணுச்சாம். வச்சும் எடுத்தும் பார்த்திருக்கார். மனசை மாத்தினது நடிகர் கோரன்ஸ்வெட்தானாம். சூப்பர்மேன் வேற கிரகத்துலேர்ந்து வந்தவன், கண்ல நெருப்பு வரும், ஒரு கட்டடத்தையே சாய்ச்சுடுவான், அப்படிப்பட்டவனைப் பார்த்து குழந்தைங்க பயப்படக் கூடாதுன்னுதானே அவன் நினைப்பான், அதுக்குத்தான் இந்தப் பளபள கலரு, ஜட்டியெல்லாம்னு சொன்னாராம். “ஆனாலும் எனக்குப் புடிக்கலப்பா”ன்னு சேர்த்துக்கிட்டான். நேர்மையான ரசிகன்.

எங்க தொழில்லயும் டிரஸ் மாறிட்டேதான் வந்திருக்கு. 19ஆம் நூற்றாண்டுல டாக்டர்ங்க கறுப்புக் கோட்டு போட்டவங்கதான். கிருமி பத்தின அறிவு வந்தப்புறம்தான் வெள்ளை வந்துச்சு, சுத்தம்னு காட்ட. ஆபரேஷன் தியேட்டர்ல வெள்ளை கண்ணைக் கூசுதுன்னு பச்சை, நீலம்னு மாத்தினாங்க. இங்கிலாந்துல 2007ல, கோட்டுக் கையில கிருமி ஒட்டிட்டு ஒரு நோயாளிகிட்டேர்ந்து இன்னொருத்தருக்குப் போகக் கூடாதுன்னு, முழங்கைக்குக் கீழ எதுவும் போடாதீங்க, வெள்ளைக் கோட்டும் வேண்டாம்னு அரசே சொல்லிடுச்சு. பெரியவங்களுக்கே டாக்டரைப் பார்த்ததும் பி.பி. ஏறும். அதுக்கு ‘ஒயிட் கோட் ஹைப்பர்டென்ஷன்’னு பேர் வச்சு பாடமே நடத்தறோம். குழந்தைக்கு என்ன ஏறும்னு மட்டும் நாங்க அளந்து பார்க்கறதில்ல.

நான் கோட்டைக் கழட்டிட்டேன். ஆணியில மாட்டி வச்சது அங்கயேதான் தொங்குது.

அதுக்கு வந்த எதிர்ப்பு இருக்கே! முதல் நாளே ஒரு பெரியவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்துட்டு, “டாக்டர் எப்ப வருவாரு?”ன்னார். இருபது வருஷமா சுகருக்கு என்கிட்ட வர்றவர். ஒரு அம்மா நேராவே சொல்லிட்டாங்க, “கோட்டு இல்லாம கம்பவுண்டர் மாதிரி இருக்கீங்க சார், மாத்திரை கேக்குமான்னு சந்தேகமா இருக்குது.” எங்க நர்ஸம்மாவுக்கும் பிடிக்கல. மரியாதை போயிடும்னு வாரம் ஒரு தடவை சொல்றாங்க. எங்கம்மா மட்டும்தான் எதுவும் சொல்லல.

பையன் டிஸ்சார்ஜ் ஆகி ரெண்டு வாரம் கழிச்சு புண்ணைக் காட்ட வந்தான். அதே பனியன், துவைச்சுத் துவைச்சு எஸ் எழுத்து பாதி உதிர்ந்திருந்துச்சு. வாசல்ல கொஞ்ச நேரம் நின்னான். அம்மா முந்தானை கையிலதான் இருந்துச்சு, ஆனா பின்னாடி போகல. பனியனைத் தூக்கி அவனாவே வயித்தைக் காட்டினான். நல்லா ஆறியிருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் குதிக்காதே, ஓடாதேன்னேன்.

“பறக்கலாமா?”

“அதுவும் கூடாது.”

போகும்போது திரும்பி என் கட்டம் போட்ட சட்டையை மேலயும் கீழயும் பார்த்தான். “இது நல்லா இல்ல டாக்டர். நீலம் போடுங்க.”