அயகுச்சோ மலைநாட்டில் எட்டு நாட்கள்

பயணம் என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் பலருக்கு ஏஜென்சிக்காரரும் பூட்டிய அறைகளும்தான் நினைவுக்கு வரும். திரும்பி வரும் ரிக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு, பார்ப்பதற்காகவே ஓர் இடத்துக்குப் போகலாம் என்ற எண்ணம் எங்களுக்குக் கனடாவில் குடியுரிமை கிடைத்த பிறகுதான் வந்தது. யூலை மாதம் தொழிற்சாலையைப் பூட்டும் இரண்டு கிழமையில், ஒரே பொதியிடும் பகுதியில் வேலை செய்யும் நாங்கள் நால்வர் தோளில் ஒவ்வொரு பையுடன் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்குப் போய்வந்தோம்.

பெருவுக்குப் போகிறவர்கள் மச்சுப் பிச்சுவுக்குத்தான் போவார்கள். நாங்கள் போனது அயகுச்சோவுக்கு. எங்களோடு வேலை செய்யும் பெரு நாட்டுப் பெண் ஒருவர் அந்த ஊரைச் சேர்ந்தவர். 1980களில் சிறு பிள்ளையாக இருந்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு தலைநகர் லீமாவுக்கு ஓடிவந்தவர். "நீங்கள் நால்வரும் என் ஊரைப் பார்த்தால் உங்களுக்கு விளங்கும்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகப் போனோம்.

லீமா கடற்கரை நகரம். அங்கிருந்து பகல் பஸ் எடுத்தோம். பாலைவனக் கரையோரமாகத் தெற்கே ஓடிய பஸ் பின்னர் மலைப்பக்கம் திரும்பி ஏறத் தொடங்கியது. அப்பச்செத்தா என்ற கணவாய் கடல் மட்டத்திலிருந்து 4,700 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இலங்கையின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர்தான். தலை இடித்தது, வயிறு பிரட்டியது. பக்கத்து ஆசனத்து மூதாட்டி கொக்கா இலை கொஞ்சம் தந்து, மென்று கன்னத்துக்குள் அடக்கும்படி சைகை காட்டினார். வெளியே மரமே இல்லை. இச்சு என்ற மஞ்சள் புல்லும், அதை மேயும் அல்பாக்கா மந்தைகளும், மான் போல மெலிந்த விக்குஞாக்களும்தான். பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு, 2,750 மீற்றர் உயரத்தில் உள்ள அயகுச்சோ நகரில் இறங்கினோம். முதல்நாள் முழுவதும் படுத்து எழும்பினோம்.

சாப்பாட்டில் அந்நியம் தெரியவில்லை. சந்தையில் ஊதா, சிவப்பு, கறுப்பு என்று உருளைக்கிழங்கு குவிந்திருந்தது. பெருவில் மட்டும் 3,000 இற்கும் மேற்பட்ட இனங்கள் உண்டாம். இரவுக் குளிரில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைத்த கிழங்கை சூஞோ என்கிறார்கள். வருடக்கணக்கில் பழுதாகாது. நாம் ஒடியலும் புழுக்கொடியலும் காயவைத்துச் சேமிப்பதைப் போன்றதுதான். நமது குழம்பில் போடும் மிளகாயும், நாம் அவித்துச் சாப்பிடும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான்.

அயகுச்சோ என்றால் அங்குள்ள கெச்சுவா மொழியில் "இறந்தவர்களின் மூலை" என்று பொருள் சொல்கிறார்கள். 1980 மே மாதம் இந்த மாவட்டத்தின் சுஸ்கி என்ற கிராமத்தில் வாக்குப்பெட்டிகளை எரித்து "ஒளிரும் பாதை" இயக்கம் தன் போரைத் தொடங்கியது. 1982 கடைசியில் இராணுவம் வந்தது. இருபகுதிக்கும் நடுவில் கிராமத்து ஏழைகள் அகப்பட்டார்கள். 2003 இல் வெளிவந்த உண்மை ஆணைக்குழுவின் அறிக்கை, 2000 வரை 69,280 பேர் கொல்லப்பட்டோ காணாமலோ போயிருக்கலாம் என்று மதிப்பிட்டது. பலியானவர்களில் நான்கில் மூவர் கெச்சுவா முதலிய பூர்வீக மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். இதை வாசித்துவிட்டுத்தான் போனோம். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு.

காணாமல் போனவர்களின் தாய்மார் 1983 இல் இங்கே அன்ஃபாசெப் என்ற சங்கத்தை ஆரம்பித்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அங்கேலிகா மெந்தோசா. அவரை எல்லோரும் "மாமா அங்கேலிகா" என்பார்கள். சிரிக்க வேண்டாம், அங்கே மாமா என்றால் அம்மா. அவருடைய மகனை 1983 யூலையில் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். மகனைத் தேடி 34 வருடம் அலைந்தார். லொஸ் கபித்தோஸ் இராணுவ முகாமை அடுத்த லா ஓயாடா வெளியில் பின்னர் தோண்டியபோது 100 இற்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. 2017 ஓகஸ்ற்றில் அந்த முகாம் வழக்கில் முன்னாள் இராணுவ அதிகாரிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அதே மாதம் அவர் காலமானார். மகன் கிடைக்கவில்லை.

சங்கக் கட்டிடத்தின் மேல்மாடியில் தாய்மாரே 2005 இல் ஒரு நினைவு அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். பெரிய மண்டபம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சேர்ட், ஒரு சப்பாத்து, படங்கள், பெயர்கள். எங்களோடு வந்த அக்காவின் தம்பி 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு காணாமல் போனவர். அக்கா ஒரு படத்துக்கு முன்னால் நின்றவர் நகரவேயில்லை. அங்கிருந்த வயதான அம்மா ஒருவர் கிட்ட வந்தார். அக்கா பையிலிருந்து தம்பியின் படத்தை எடுத்துக் காட்டினார். "எந்த வருடம்?" என்று அந்த அம்மா, ஆங்கிலம் தெரிந்த மாணவி ஒருத்தி மூலம் கேட்டார். சொன்னோம். "எனக்கு 1984" என்றார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கெச்சுவாவில் ஏதோ சொன்னார்.

அந்த மாணவி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இதை ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல முடியாது. எங்கள் மொழியில் இரண்டு விதமாகச் சொல்லலாம். கேட்பவரைச் சேர்க்காவிட்டால் ஞொகய்கு. சேர்த்தால் ஞொகஞ்சிக். அம்மா சொன்னது ஞொகஞ்சிக்." எங்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாங்கள், நாம். ஆங்கிலம் படிக்கும்போது நமக்கு இடிக்கிற அதே இடம்தான். அந்த அம்மா எங்களைப் பார்த்து "நாம் தேடுகிறோம்" என்றிருக்கிறார்.

அடுத்தநாள் வானில் கினுவா என்ற மட்பாண்டக் கிராமத்துக்குப் போனோம். வீட்டுக் கூரைகளில் மண்ணால் செய்த சின்னஞ்சிறு தேவாலயங்களைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். 1824 டிசம்பர் 9 அன்று ஸ்பானியப் படை தோற்ற வெளி இதற்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து இறங்கி, ஆயிரம் வருடத்துக்கு முந்திய வாரி நகரத்தின் இடிபாடுகள் வரை நாலைந்து மணித்தியாலம் நடந்தோம். வழியெல்லாம் நாகதாளிப் பற்றை. வயலில் நின்றவர்கள் கை காட்டினார்கள். போரில் ஆட்கள் ஓடிய கிராமங்கள் இவை. பலர் திரும்பி வந்து, சுவர் எழுப்பி, மறுபடி கிழங்கு நட்டிருக்கிறார்கள். லீமாவிலேயே தங்கிவிட்டவர்களும் பலர். மொழி இன்னும் இருக்கிறது. 2017 குடிசன மதிப்பீட்டில் சுமார் 38 இலட்சம் பேர் கெச்சுவாவைத் தாய்மொழி என்று பதிந்திருக்கிறார்கள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். மே முதல் செப்டெம்பர் வரை மழை குறைவு, இரவில் குளிர் கடுமை. குடியுரிமைக் கடவுச்சீட்டுக்கு விசா தேவையில்லாத நாடுகள் சில, அகதிப் பயணப்பத்திரத்துக்கு விசா கேட்கலாம். முதலில் தூதரகத்தில் விசாரியுங்கள். கொக்கா இலை பெருவில் சட்டப்படியானது, ஆனால் தேநீர்ப் பையாகக்கூட இங்கே கொண்டுவராதீர்கள். குடித்துவிட்டு வந்தால் வேலைத்தலத்துப் பரிசோதனையிலும் காட்டக்கூடும். 2022 டிசம்பர் 15 அன்று அயகுச்சோவில் ஆர்ப்பாட்டத்தில் 10 பேர் கொல்லப்பட்டார்கள். ஆகவே புறப்படுமுன் நாட்டு நிலைமையை அறிந்துகொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் நமது தாய்மார் 2017 பெப்ரவரியில் வீதியோரம் கொட்டில் போட்டு உட்கார்ந்தார்கள். அயகுச்சோத் தாய்மார் அதற்கு 34 வருடம் முன்பே தொடங்கியவர்கள். தங்கள் பிள்ளைகளின் பெயர், வயது, பிடித்த இடம், அன்று உடுத்திருந்த உடுப்பு என்று சேர்த்து வைத்ததால்தான் பின்னால் வந்த விசாரணைகளுக்கு அவர்களிடம் சொல்ல ஏதாவது இருந்தது. அன்பான வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்தக் கிழமை ஒரு கொப்பியை எடுத்து முழுப்பெயர், பிறந்த திகதி, கடைசியாகக் கண்ட இடம், கண்டவர் யார் என்று எழுதி, படத்தையும் ஒட்டி வையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் விளங்கும்படி எழுதுங்கள். அக்கா தன் தம்பிக்கு எழுதத் தொடங்கிவிட்டார்.